வீடில்லாத சகோதரிக்கு ஊர்ப் பணத்தில் ஒரு பங்கு

(கீழவைப்பாரில் நடந்த நமது கூட்டமைப்பின் பொதுக்கூட்டத்தில் பேசப்பட்ட உரை. வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது. குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



காலையில் மீனை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு, கருவாட்டைக் காயப்போட்டுவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்திருக்கிறீர்கள். உப்பளத்து வேலைக்குப் போகிற சகோதரிகள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்தக் கூலிக்குத் தகுந்த பேச்சாக இது இருக்க வேண்டும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

போன மாதக் கூட்டத்தில் கூட்டமைப்பின் பொறுப்பாளர்களாகிய நாங்கள் ஒரு தப்பு செய்தோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம். வீடில்லாத உறுப்பினர்கள் பட்டியல் எடுக்க வேண்டியிருந்தது. "வீடு இல்லாதவங்க கையைத் தூக்குங்க" என்று கேட்டோம். ஒரு கைகூட எழவில்லை. 'யாரும் இல்லை' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியும் விட்டோம்.

கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போது ஒரு பெரியம்மை மட்டும் போகாமல் நின்றார்கள். "பிள்ளைகளா, நான் மகன் வீட்டு நடையிலதான் படுக்கேன். மழை வந்தா பக்கத்து வீட்டு அடுக்களைக்குப் போயிருவேன். இதை வீடு இருக்குன்னு சொல்லவா, இல்லைன்னு சொல்லவா? எல்லார் முன்னாலயும் கையைத் தூக்கினா மகனுக்குல்லா அவமானம்?" என்று கேட்டார்கள்.

எங்களுக்குப் பதில் வரவில்லை. அவர்கள் குழு தொடங்கிய நாளிலிருந்து ஒரு மாதச் சந்தாகூடத் தவறியதில்லை. வாரா வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நமக்கு, அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்பது தெரியாமல் போயிருக்கிறது.

அதன் பிறகு நாங்கள் கூட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய்க் கேட்டோம். அப்போதுதான் உண்மை தெரிந்தது. கணவன் இறந்த பிறகு கொழுந்தன் வீட்டில் ஒண்டிக்கொண்டு, நாள்தோறும் பேச்சுக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கணவன் விட்டுப்போனதால் பிறந்த வீட்டுக்கே திரும்பி, அண்ணன் பிள்ளைகளோடு ஒரே அறையில் படுக்கிற மதினிமார் இருக்கிறார்கள். ஒரே ஓலைக் குடிசையை நடுவில் சேலை கட்டிப் பிரித்து இரண்டு குடும்பம் வாழ்கிறது. அரசு வீடு கிடைத்தும், சுவர் எழும்பித் தளம் போட முடியாமல், மேலே தார்ப்பாய் கட்டிக் குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் கரையில் ஓலையும் தார்ப்பாயும் என்ன பாடுபடும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கரையில் ஓலைக் கொட்டகைகள் முளைக்கும், குளிப்பு முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். அது தொழிலுக்குப் போட்ட கொட்டகை. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ திட்டம் வந்தும், நம்மில் சிலருக்குக் கொட்டகை வாழ்க்கை மாறவில்லை.

யாரை வீடில்லாதவர் என்கிறோம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28ஆம் தேதி இரவில் வீடற்றவர்களைத் தனியாக எண்ணினார்கள். சாலையோரம், பாலத்தடி, ரயில் நிலையம், கோயில் வாசல் போன்ற இடங்களில் வெட்டவெளியில் படுத்திருந்தவர்கள் அந்தக் கணக்கில் வந்தார்கள். இந்தியா முழுவதும் ஏறக்குறைய 17 லட்சத்து 70 ஆயிரம் பேர். தமிழ்நாட்டில் 50 ஆயிரத்துக்குச் சற்று மேல்.

நம்ம பெரியம்மை அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் மகன் வீட்டு ஆள் என்று எழுதப்பட்டிருப்பார்கள். சேலை கட்டிப் பிரித்த குடிசையும் கணக்குக்கு ஒரு வீடுதான். கையைத் தூக்கவும் முடியாமல், கணக்கிலும் வராமல் இருக்கிற இவர்கள்தான் நம் ஊர்ப் பக்கத்தில் வீடில்லாதவர்கள்.

கணக்கில் வராததால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. அப்போது அரசு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அது குடும்ப அட்டையை வைத்துத்தான் வழங்கப்பட்டது. தனி வீடு இல்லாதவளுக்குத் தனி அட்டை கிடைப்பதே கஷ்டம். அட்டை யார் வீட்டில் இருக்கிறதோ அவர்கள் கையில்தான் பணம் சேரும். இப்படி வீடில்லாமை ஒரு இடத்தோடு நிற்பதில்லை. அட்டை, முகவரி, கடன், நிவாரணம் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது.

திட்டங்கள் வந்தும் விடுபட்டவர்கள்

வீட்டுத் திட்டமே இல்லை என்று நாம் சொல்லக்கூடாது. 1985இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் வந்தது. 2010இல் தமிழ்நாட்டில் கலைஞர் வீடு வழங்கும் திட்டம். 2011இல் முதலமைச்சரின் சூரிய மின்சக்தி பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு 1,80,000 ரூபாய். 2016இல் பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1,20,000 ரூபாய், அதோடு கான்கிரீட் தளத்துக்காகத் தமிழ்நாடு அரசு சேர்த்த கூடுதல் தொகை. 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய். சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகள் வேறு. இந்தத் திட்டங்களால் நம் கடற்கரையில் பலருக்கு நல்ல வீடு கிடைத்தது. அதை நன்றியோடு சொல்கிறோம்.

விடுபட்டவர்கள் ஏன் விடுபட்டார்கள்? மூன்று காரணம் சொல்லலாம்.

முதல் காரணம் இடம். வீடு கட்டப் பணம் கொடுக்கும் திட்டம், பட்டா இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கும். கடலை நம்பி வாழ்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கரையோரப் புறம்போக்கில் இருந்தாலும் கையில் தாள் இருக்காது. 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில், கடலிலிருந்து 100 முதல் 200 மீட்டருக்குள் பாரம்பரிய மீனவ மக்கள் குடியிருக்க வீடு கட்டிக்கொள்ள இடம் கொடுத்தார்கள். ஆனால் அதற்கும் விண்ணப்பம், வரைபடம், ஒப்புதல் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விதவைத் தாய் எத்தனை அலுவலகம் ஏறி இறங்குவாள்?

இரண்டாவது காரணம் பட்டியல். பிரதமரின் வீட்டுத் திட்டத்தில் 2016இலிருந்து ஒரு விதி இருந்தது. இரு சக்கர மோட்டார் வாகனமோ, மோட்டார் பொருத்திய மீன்பிடிப் படகோ இருந்தால் அந்தக் குடும்பம் தானாகவே பட்டியலிலிருந்து நீங்கிவிடும். விவசாயிக்கு மாடு எப்படியோ, மீனவனுக்குப் படகு அப்படி. அதுவும் பாதிப் படகு வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தில் ஓடுகிறது. ஓலைக் குடிசையில் இருந்தாலும் கரையில் ஒரு வள்ளம் நிற்பதால் வசதியானவர் ஆகிவிட்டார். 2024இல் இந்த விதியைத் தளர்த்தி, இரு சக்கர வாகனத்தையும் மீன்பிடிப் படகையும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இது பலருக்குத் தெரியாது. முன்பு 'உங்களுக்கு வராது' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அதையே நம்பி இன்னும் கேட்காமல் இருக்கிறார்கள். நம் கூட்டமைப்பு அவர்களைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் நமக்கு நெருக்கமானது. அது பணம் வரும் விதம்.

வீடு வந்தது, கடனும் வந்தது

வீட்டுப் பணம் மொத்தமாக வராது, தவணையாக வரும். பெரும்பாலும் ஒரு கட்டம் முடிந்து, படம் எடுத்து ஏற்றிய பிறகுதான் அந்தக் கட்டத்துக்கான தொகை வங்கிக் கணக்குக்கு வரும். முறைகேடு நடக்காமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள், அது சரிதான். ஆனால் முதலில் கைப்பணம் போட்டுக் கட்ட முடிந்தவருக்குத்தான் அடுத்த தவணை வரும் என்றாகிறது. கையில் பணம் இல்லாதவளுக்குத்தான் வீடு வேண்டும். கையில் பணம் இருந்தால்தான் வீடு எழும்பும்.

நம் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். ஒரு சகோதரிக்கு வீடு ஒதுக்கீடு ஆனது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். மணல் மண்ணாக இருந்ததால் கடைக்கால் ஆழமாகத் தோண்ட வேண்டியதாயிற்று. ஜல்லியும் சிமெண்டும் வண்டி வாடகையோடு விலை ஏறியது. சுவர் எழும்பியதும் கைப்பணம் தீர்ந்தது. குழுவில் ஏற்கெனவே கடன் இருந்ததால் எங்களால் புதிதாகக் கொடுக்க முடியவில்லை. அவள் வெளியே 50,000 ரூபாய் வாங்கினாள், ஐந்து வட்டிக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50,000 ரூபாய்க்கு ஐந்து வட்டி என்றால் மாதம் 2,500 ரூபாய். வருஷம் 30,000 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். அதே 50,000 ரூபாய் நம் குழுவில் ஒரு ரூபாய் வட்டிக்குக் கிடைத்திருந்தால் மாதம் 500 ரூபாய், வருஷம் 6,000 ரூபாய். அந்தச் சகோதரி இப்போது தளம் போட்ட வீட்டில்தான் இருக்கிறாள். ஆனால் காதிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லை. மூத்த மகளைப் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பிவிட்டாள். அரசு வீடு கொடுத்தது உண்மை. அதை முடிக்க ஒரு பிள்ளையின் படிப்பு போனதும் உண்மை.

இன்னொரு சகோதரி வட்டிக்கு வாங்கப் பயந்தாள். அவள் வீடு இன்னும் சுவரோடு நிற்கிறது. மேலே தார்ப்பாய்.

இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற தொகை 40,000, 50,000 ரூபாய்தான். இந்த இடைவெளியை நிரப்பும் பணம் எங்கே இருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஊராட்சிக்கு வரும் பணம் எப்படிப்பட்டது?

நம்மில் பலர், ஊராட்சிப் பணம் என்றால் தலைவரும் அதிகாரிகளும் பார்த்துக்கொள்வது என்று நினைக்கிறோம். குழுக் கணக்கை இத்தனை வருஷம் பைசா பிசகாமல் எழுதும் நாம் இதையும் புரிந்துகொள்ள முடியும்.

மத்திய அரசின் நிதி ஆணையம் ஊராட்சிகளுக்கு மானியம் ஒதுக்குகிறது. 15ஆவது நிதி ஆணையம் 2021-22 முதல் 2025-26 வரை ஐந்து ஆண்டுக்கு நாடு முழுவதும் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரை செய்தது. அதில் 60 விழுக்காடு கட்டுண்ட நிதியாக இருந்தது. குடிநீர், சுகாதாரம் ஆகிய இரண்டுக்கு மட்டும்தான் அதைச் செலவிட வேண்டியிருந்தது. மீதி 40 விழுக்காடு கட்டில்லாத நிதியாக இருந்தது. சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் அதைத் தொடக்கூடாது என்றிருந்தது. மற்றபடி அரசியல் சட்டத்தின் 11ஆவது அட்டவணையில் உள்ள 29 பொருள்களில் ஊருக்கு எது தேவையோ அதற்குச் செலவிட முடிந்தது.

அந்த 29 பொருள்களில் 10ஆவது எது தெரியுமா? ஊரக வீட்டு வசதி. சாலை, விளக்கு போல வீடும் அந்த அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது.

அந்த விகிதத்தில் சுலபமாக ஒரு கணக்கு. ஒரு ஊராட்சிக்கு வருஷத்துக்கு 10 லட்சம் ரூபாய் இந்த மானியம் வந்ததாக வைத்துக்கொள்வோம். 6 லட்சம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் போகட்டும், அதில் நாம் கை வைக்க வேண்டாம். மீதி 4 லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 80,000 ரூபாய். பாதியில் நிற்கும் இரண்டு வீட்டுக்குத் தளம் போட இது உதவும். ஐந்து வருஷத்தில் பத்து வீடு. அந்தப் பத்து வீட்டுக்காரிகளும் ஐந்து வட்டிக்குப் போக வேண்டியதில்லை.

இப்போது 4 லட்சமும் எதற்குப் போகிறது என்று யாராவது கேட்டிருக்கிறோமா? ஊருக்கு ஊர் வேறுபடும். பொதுவாகப் பார்த்தால் தெரு, வாறுகால், சுவர், கட்டடம் என்று கண்ணுக்குத் தெரிகிற வேலைகளுக்கே போகிறது. அவையும் வேண்டியவைதான். ஆனால் தெருவுக்குக் கல் பதித்தால் எல்லோரும் பார்ப்பார்கள். ஒரு விதவையின் வீட்டுக்குத் தளம் போட்டால் அவள் ஒருத்திதான் பார்ப்பாள். அதனால்தான் அதை யாரும் கேட்பதில்லை. நாம் கேட்க வேண்டும்.

கேரளத்தில் செய்து காட்டினார்கள்

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சந்தேகம் வரும். பக்கத்து மாநிலத்தில் நடந்திருக்கிறது. கேரளத்தில் 2016இல் 'லைஃப் மிஷன்' என்ற வீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரு வீட்டுக்கு 4 லட்சம் ரூபாய். அந்தப் பணத்தைத் திரட்டிய முறைதான் நமக்குப் பாடம். ஊராட்சிகளும் நகராட்சிகளும் தங்கள் திட்ட நிதியில் 20 விழுக்காட்டை வீடில்லாதவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று அரசே ஆணை போட்டது. போதாத தொகைக்கு ஹட்கோ நிறுவனத்திடமிருந்து கடன் எடுத்தார்கள். அந்தக் கடனை ஏற்றுக்கொண்டது அரசும் உள்ளாட்சியும்தான், வீட்டுக்காரி அல்ல. இதை இரண்டு தடவை சொல்ல வேண்டும் போலிருக்கிறது. கடன் வீட்டுக்காரி தலையில் ஏறவில்லை.

முதல் கட்டமாக என்ன செய்தார்கள் தெரியுமா? புது வீட்டைத் தொடங்கவில்லை. பழைய திட்டங்களில் ஆரம்பித்துப் பாதியில் நின்ற வீடுகளைக் கணக்கெடுத்தார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேல் இருந்தன. அவற்றை முதலில் முடித்தார்கள். இரண்டாம் கட்டத்தில் இடம் இருந்து வீடில்லாதவர்கள். மூன்றாம் கட்டத்தில் இடமும் வீடும் இல்லாதவர்கள். 2020 பிப்ரவரியில் இரண்டு லட்சம் வீடுகள் முடிந்ததாக அறிவித்தார்கள். நிலம் இல்லாதவர்களுக்காக, மனமுள்ளவர்கள் நிலம் தானம் செய்யும் இயக்கத்தையும் 2021இல் தொடங்கினார்கள். நம்மைப் போன்ற குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களில் கொத்தனார் வேலை கற்றுக்கொண்டு வீடு கட்டிக்கொடுத்த பெண்களும் உண்டு.

கேரளம் வேறு, நாம் வேறு என்பது தெரியும். அங்கே ஊராட்சிக்கு மாநில அரசு கொடுக்கும் திட்ட நிதி அதிகம். இங்கே ஊராட்சி நினைத்த மாத்திரத்தில் தனி ஒருவர் வீட்டுக்குப் பணம் எடுத்துக் கொடுத்துவிட முடியாது. அதற்கு மாநில அரசின் ஆணையும் வேண்டும். அதனால் நம் கோரிக்கை இரண்டு இடத்துக்குப் போக வேண்டும். ஊராட்சியிடம் 'திட்டத்தில் எழுதுங்கள்' என்று கேட்பது ஒன்று. அரசிடம் 'அனுமதி கொடுங்கள்' என்று கேட்பது இன்னொன்று.

நகரத்திலும் இதே கேள்விதான்

நம் ஊர்ப் பக்கத்திலிருந்து தூத்துக்குடிக்குப் பிழைக்கப் போனவர்கள் எல்லோருக்கும் வாடகை கொடுக்க வசதி இல்லை. கடை வாசலிலும் பேருந்து நிலையத்திலும் படுக்கிறவர்களில் நம் உறவும் இருக்கலாம். நகரத்து வீடற்றவர்களுக்காக உச்ச நீதிமன்றம் 2010இல் ஓர் உத்தரவு போட்டது. பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம் என்ற கணக்கில் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்பது அது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் அதற்குப் பணமும் ஒதுக்கினார்கள். ஒதுக்கிய பணம் செலவாகாமல் கிடக்கிறது என்ற புகார் மீது, 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் குழு அமைத்து விசாரிக்கச் சொன்னது. கேட்க ஆள் இல்லையென்றால் ஒதுக்கிய பணமும் ஏழைக்குப் போய்ச் சேராது.

2017 ஜூனில் தூத்துக்குடி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு நகரத்துக்கும் மத்திய அரசு 500 கோடி ரூபாய் வரை, மாநிலப் பங்கும் அதே அளவு என்று வைத்திருந்தார்கள். 2025 மார்ச்சில் அது முடிந்தது. இவ்வளவு பெரிய பணம் வரும்போது சாலை, பூங்கா, பேருந்து நிலையம் என்றுதான் எல்லோர் மனமும் போகிறது. பேருந்து நிலையத்தில் படுத்திருப்பவரிடம் போகவில்லை. பட்டியல் போடும் நேரத்தில் அவருக்காகப் பேச ஒருவர் வேண்டும்.

தங்குமிடம் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். மழை இரவில் அது உயிரைக் காக்கும், வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அங்கே அடுப்பு வைக்க முடியாது. வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் இருக்க முடியாது. பின்லாந்து என்ற நாட்டில் 2008இலிருந்து இதை மாற்றிப் பார்த்தார்கள். இரவுத் தங்குமிடங்களுக்குச் செலவழித்த பணத்தைத் திருப்பி, அந்தக் கட்டடங்களையே சிறு சிறு வீடுகளாக்கி, வீடற்றவர் கையில் முதலில் சாவியைக் கொடுத்தார்கள். வேலை, வைத்தியம், குடிப் பழக்கம் எல்லாம் அதன் பிறகு. அந்த நாட்டில் 2008இல் 8,000 அளவில் இருந்த வீடற்றவர் எண்ணிக்கை 2022இல் பாதிக்கும் கீழே வந்தது. பனி பெய்யும் பணக்கார நாடு அது. நம்மோடு ஒப்பிட முடியாது. ஆனால் மகன் வீட்டு நடையில் படுக்கும் பெரியம்மைக்கும் வேண்டியது அதேதான். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு.

சகோதரிகள் கேட்ட கேள்விகள்

இதைப் பற்றிக் குழுக்களில் பேசியபோது நல்ல நல்ல கேள்விகள் வந்தன.

"தெருவிளக்கும் தண்ணியும் வேண்டாமா?" வேண்டும். அதனால்தான் குடிநீர்ப் பணத்தைத் தொட வேண்டாம் என்கிறோம். முழுப் பணத்தையும் கேட்கவில்லை. ஐந்தில் ஒரு பங்குதான் கேட்கிறோம்.

"காசாகக் கொடுத்தா வீட்டுக்காரர் குடிச்சுத் தீர்த்துருவாரே?" நியாயமான பயம். அதனால் பணம் பெண்ணின் கணக்குக்கு வர வேண்டும். சுனாமி வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கொடுக்க வேண்டும் என்று 2005இலேயே தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. அந்த வழி நமக்கு இருக்கிறது. சிமெண்டும் கம்பியும் வாங்கும்போது குழுவிலிருந்து இரண்டு பேர் கூடப் போகலாம்.

"எனக்கு வீடு இருக்கு. எனக்கு இதுல என்ன?" இதையும் ஒரு சகோதரி மனம் விட்டுக் கேட்டாள், கேட்டது நல்லது. நம் குழுவில் ஒருத்தி கந்துவட்டியில் மாட்டினால் குழுத் தவணை நிற்கும். தவணை நின்றால் வங்கியில் குழுவுக்கே அடுத்த கடன் நிற்கும். அவள் வீட்டுத் தளம் உறுதியாக இருந்தால் நம் குழுவும் உறுதியாக இருக்கும். அதற்கு மேல், நாளைக்கு நம்மில் யார் நடையில் படுக்கப் போகிறோம் என்பது யாருக்குத் தெரியும்?

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று. ஒவ்வொரு குழுவும் இந்த மாதமே பட்டியல் எடுக்க வேண்டும். கூட்டத்தில் கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போய், தனியாக உட்கார்ந்து கேளுங்கள். நான்கு பிரிவாக எழுதுங்கள்: இடமும் வீடும் இல்லாதவர், இடம் இருந்து வீடில்லாதவர், வீடு பாதியில் நிற்பவர், பிறர் வீட்டில் ஒண்டியிருப்பவர். உறுப்பினர் அல்லாத பெண்களையும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டு. படகு இருக்கிறது, வண்டி இருக்கிறது என்று முன்பு நீக்கப்பட்டவர்களைக் கண்டுபிடித்து, 2024இல் விதி மாறியதைச் சொல்லி, மறுபடியும் விண்ணப்பிக்கச் செய்யுங்கள்.

மூன்று. மகளிர் கூட்டமைப்புகள் கிராம வறுமை ஒழிப்புத் திட்டம் தயாரித்து, அதை ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கக் கொடுக்கலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே சொல்லியிருக்கிறது. நம் பட்டியல் போக வேண்டிய இடம் அதுதான். கையெழுத்துப் போட்டு ஒரு நகலுக்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்கு. கிராம சபைக்குப் போக வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை நடத்த 2022இல் தமிழ்நாடு அரசு முடிவு செய்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு மீன் விற்கத் திரும்பி வந்துவிடாதீர்கள். தீர்மானம் வாசித்து, எழுதி முடிக்கும் வரை உட்காருங்கள். 16ஆவது நிதி ஆணையத்தின் காலம் 2026-27இலிருந்து ஐந்து ஆண்டு. அந்தப் பணத்தில் எது கட்டுண்டது, எது கட்டில்லாதது என்று சபையிலேயே கேளுங்கள்.

ஐந்து. குழு நிதியில் சிறு தொகையை 'வீடு முடிக்கும் கடன்' என்று தனியாக வைப்போம். தவணை வரும் வரை கைமாற்றாக உதவும். வந்ததும் திருப்பிவிட வேண்டும். இது ஊராட்சிப் பணத்துக்கு மாற்று இல்லை. அது வரும் வரை நம் சகோதரி வட்டிக்காரரிடம் போகாமல் இருக்க ஒரு வழி.

கிராம சபையில் வாசிக்கத் தீர்மானத்தையும் எழுதி வைத்திருக்கிறோம். எல்லாக் குழுக்களும் இதைப் பெயர்த்து எழுதிக்கொள்ளுங்கள்:

"எங்கள் ஊராட்சியில் சொந்த வீடு இல்லாத, பாதியில் நிற்கும் வீட்டில் குடியிருக்கும் குடும்பங்களின் பட்டியலை இத்துடன் இணைத்துள்ளோம். ஊராட்சிக்கு வரும் கட்டில்லாத நிதியில் ஐந்தில் ஒரு பங்கை இவர்களுக்கான வீட்டு உதவிக்கு ஒதுக்க இச்சபை தீர்மானிக்கிறது. இதற்கு வேண்டிய அனுமதியை வழங்குமாறு தமிழ்நாடு அரசைக் கேட்டுக்கொள்கிறது. கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், தனித்து வாழும் முதியோர் ஆகியோருக்கு முதலிடம் தர வேண்டும். வீடு பெண்ணின் பெயரிலோ, இருவர் பெயரிலோ இருக்க வேண்டும்."

சகோதரிகளே, முதல் தடவையே நடந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. வங்கியில் முதல் கடன் வாங்க எத்தனை தடவை நடந்தோம் என்பது பழைய உறுப்பினர்களுக்கு ஞாபகம் இருக்கும். இதற்கும் நடப்போம்.

போன மாதத் தீர்மானப் புத்தகத்தில் 'யாரும் இல்லை' என்று எழுதிய வரியை இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் அடித்துவிட்டோம். அந்த இடத்தில் முதல் பெயராகப் பெரியம்மையின் பெயரை, அவர்களே சம்மதித்துச் சொல்ல, எழுதியிருக்கிறோம். மகனும் கூட வந்து பக்கத்தில் நின்றார். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் பட்டியலோடு வாருங்கள்.